கல்வெட்டில் முதல் பெயர்: அழகர்மலைச் சமவெளி சொல்லும் பாடம்



பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில் புதிய ஆலயம் கட்டி முடித்தோம். பிரதிஷ்டை நாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் கருங்கல் பலகையொன்று செதுக்கப்பட்டு வந்து சேர்ந்தது. அதைக் கண்ட அன்றே சபையில் அமைதி குலைந்தது. நிலத்தைக் கொடுத்த மூப்பரின் பெயர் முதலில் வரவேண்டுமா, கட்டுமானத்தைத் தலைமேற்கொண்டு நடத்திய மூப்பரின் பெயர் முதலில் வரவேண்டுமா என்பதே வழக்கு. இருவரும் முப்பது ஆண்டு நண்பர்கள். அந்தக் கல் வந்தபின் ஒருவர் இருக்கும் வரிசையில் மற்றவர் உட்காரவில்லை. பிரதிஷ்டை நடந்தது, பேராயர் வந்தார், பாட்டு பாடினோம். கல் மட்டும் சுவரில் பதிக்கப்படாமல், வஸ்திரம் மாற்றும் அறையின் மூலையில் சாய்ந்து கிடந்தது.

அடுத்த மாதம் நம் சபையில் கமிட்டித் தேர்தல் வருகிறது. யார் செயலர், யார் பொருளாளர் என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. ஆகவே இந்த வாரம் உங்களை ஒரு வரலாற்றுப் பயணத்துக்கு அழைக்கிறேன். நம் மதுரைக்கு வடக்கே, அழகர்கோவிலைச் சுற்றிய மலைகளுக்கும் சமவெளிக்கும் நாம் போகப்போகிறோம். ஒருவருக்குப் பட்டமும் பதவியும் மரியாதையும் கொடுக்கப்படுவது என்றால் என்ன என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லில் எழுதி வைத்திருக்கும் நிலம் அது.

மலைக்குகையில் ஒரு காவிதி

அழகர்மலைக்கு அருகே, அரிட்டாபட்டியை ஒட்டி, மாங்குளம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றின் குகைகளில் தமிழ்-பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. 1882-ஆம் ஆண்டு இராபர்ட் சிவெல் என்பவர் இவற்றைக் கண்டறிந்து வெளியுலகிற்குச் சொன்னார். இவை கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயர் அங்கே இருக்கிறது. அவனுடைய பணியாளனாகிய கடலன் வழுதி ஒரு சமணத் துறவிக்குக் குகையில் உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி இருக்கிறது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் செய்த கொடையும் இருக்கிறது. அவ்வணிகக் குழுவைச் சேர்ந்த ஒருவரின் பெயருக்கு முன்னே 'காவிதி' என்ற சொல் நிற்கிறது.

காவிதி என்பது அரசன் கொடுத்த பட்டம். பழந்தமிழ் அரசர்கள் படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும், வணிகர்க்கு எட்டி என்றும், கணக்கும் அமைச்சும் பார்ப்போர்க்குக் காவிதி என்றும் பட்டம் சூட்டினர். பட்டம் வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை. ஏனாதிக்கு ஒரு மோதிரமும், எட்டிக்கும் காவிதிக்கும் பொன்னால் ஆன பூவும் அளிக்கப்பட்டன என்று பழைய உரையாசிரியர்கள் விளக்குகின்றனர். ஏனாதி மோதிரம், எட்டிப்பூ, காவிதிப்பூ என்று அவற்றுக்குத் தனிப் பெயரே இருந்தது.

இதை வாசிக்கும்போது உங்கள் நினைவு ஆதியாகமம் 41-ஆம் அதிகாரத்துக்குப் போகும். பார்வோன் தன் கையிலிருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றி யோசேப்பின் கையில் போட்டான். மெல்லிய வஸ்திரம் உடுத்தினான். கழுத்தில் பொன் சரப்பணி தரித்தான். தன் இரண்டாம் இரதத்தில் ஏற்றினான். புதிய பெயரும் சூட்டினான். நைல் நதிக்கரையிலும் வைகைக்கரையிலும் சடங்கு ஏறத்தாழ ஒன்றே. மோதிரம், ஆடை, அணி, வாகனம், பெயர் ஆகிய ஐந்தும் கூடினால் ஒரு மனிதன் ஒரே நாளில் வேறொரு மனிதனாகிறான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பார்வோன் மோதிரத்தை அழகுக்காகப் போடவில்லை. ஏழு வருஷம் தானியம் சேர்க்க வேண்டும். அடுத்த ஏழு வருஷப் பஞ்சத்தில் ஜனங்களைக் காக்க வேண்டும். அந்த வேலைக்கு முத்திரை தேவைப்பட்டது. அதனால் மோதிரம் கொடுக்கப்பட்டது. ஏனாதி மோதிரத்தின் பின்னே போர்க்களம் இருந்தது. காவிதிப்பூவின் பின்னே கணக்கோலைகள் இருந்தன. தொடக்கத்தில் மரியாதை என்பது வேலையின் அடையாளம். இன்றைய தியானத்தின் அடிப்படை இதுவே. மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனைமலையின் இரண்டு சகோதரர்கள்

மாங்குளத்திலிருந்து மதுரையை நோக்கித் திரும்பினால் ஒத்தக்கடையில் ஆனைமலை படுத்திருக்கிறது. மேலூர்ச் சாலையில் போகும்போதெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அம்மலையைக் குடைந்து எடுத்த நரசிம்மர் குடைவரைக் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. கிரந்த எழுத்தில் வடமொழியும், வட்டெழுத்தில் தமிழும் வெட்டப்பட்டுள்ளன. காலம் கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770.

அக்கோயிலைச் செய்வித்தவர் மாறன் காரி. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர்களில் தலையாயவர். 'உத்தரமந்திரி' என்பது அவருடைய பதவி. வைத்தியர் குலத்தில் பிறந்த அவருக்கு அரசன் சூட்டிய பட்டம் 'மூவேந்த மங்கலப் பேரரையன்' என்பது. ஆட்சியில் அவருக்கிருந்த இடத்தை வேள்விக்குடிச் செப்பேடு காட்டுகிறது. முன்னோர் காலத்தில் தானமாகப் பெற்ற ஊரைக் களப்பிரர் ஆட்சியில் இழந்துவிட்ட ஒரு குடும்பத்தின் வழித்தோன்றல், மதுரையில் அரசன் உலா வந்தபோது முறையிட்டான். உன்னுடையது என்று நிரூபி என்றான் அரசன். அவன் நிரூபித்தான், ஊர் திரும்பக் கொடுக்கப்பட்டது. அந்த ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு மாறன் காரியிடம் இருந்தது. பிறருடைய உரிமையைப் பிறருக்கு மீட்டுக்கொடுக்கும் அளவுக்கு அதிகாரம் பெற்றிருந்த மனிதர் அவர்.

அத்தகையவர் ஆனைமலையில் கோயிலைக் குடைந்தெடுத்தார். ஆனால் குடமுழுக்குக்கு முன்னரே இறந்துபோனார். அவருக்குப் பின் அவருடைய தம்பி மாறன் எயினன் அதே உத்தரமந்திரி பதவிக்கு வந்தார். அவருக்கும் பட்டம் கிடைத்தது: 'பாண்டி மங்கல விசையரையன்'. தம்பி முகமண்டபத்தைக் கட்டிக் குடமுழுக்கைச் செய்து முடித்தார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். பதவி தம்பியிடம் இருந்தது. உளியும் தம்பியின் ஆணைக்குள் இருந்தது. அண்ணன் இறந்துவிட்டார், எதிர்த்துக் கேட்க வாயில்லை. கோயிலைத் தானே எடுத்ததாக எழுதிக்கொள்ள அவரைத் தடுத்தவர் யார்? ஆனால் கல்வெட்டு அண்ணனின் பெயரையும் பதவியையும் பட்டத்தையும் முதலில் சொல்கிறது. இக்கற்றளியைச் செய்தவர் அவரே என்றும், நீர் தெளிக்குமுன் அவர் மறைந்தார் என்றும் சொல்கிறது. அதன் பிறகே தம்பி செய்த முகமண்டபத்தைச் சொல்கிறது. இன்னார் செய்தது இவ்வளவு, யான் செய்தது இவ்வளவு என்ற நேர்மையான கணக்கு அது. ஆயிரத்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த நேர்மை கல்லில் நிற்கிறது.

அவர்களுடைய வழிபாடு நம்முடையது அன்று. ஆயினும் அந்தத் தம்பியின் கல்வெட்டை வாசித்த நாளில், எங்கள் ஆலய மூலையில் சாய்ந்து கிடந்த கருங்கல் பலகை என் கண்முன் வந்தது. நான் வெட்கப்பட்டேன்.

குனிந்த தலையில் கட்டும் துணி

இனி அழகர்கோவிலுக்கே வருவோம். மதுரைக்கு ஏறத்தாழ இருபத்தொரு கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் அமைந்த இத்திருமால் கோயிலைப் பற்றி, தொ. பரமசிவன் தம் முனைவர் பட்ட ஆய்வைச் செய்தார். 'அழகர் கோயில்' என்ற பெயரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் அதை வெளியிட்டது. அக்கோயிலோடு பல்வேறு சாதியார்க்கும் நாட்டார்க்கும் இருந்த உறவை விரிவாக எடுத்துச் சொல்லும் நூல் அது. அந்த உறவுகளின் கண்ணுக்குத் தெரியும் வடிவமே 'மரியாதை'.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்குப் போகும் வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் உண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய உரிமை. முற்காலத்தில் அழகர் தேனூருக்குச் சென்று வந்ததாகவும், திருமலை நாயக்கர் தம் ஆட்சிக் காலத்தில் (1623–1659) அதை மதுரைக்கு மாற்றி, மீனாட்சி திருக்கல்யாணத்தோடு ஒரே திங்களில் அமையச் செய்ததாகவும் மரபு கூறுகிறது. வெள்ளியக்குன்றம் ஜமீன் குடும்பத்தார் போன்றோர்க்குப் பரம்பரை மரியாதைகள் இருந்து வந்தன. மலைப்பாதைக் காவல், விழாப் பணி, சப்பரம் தூக்குதல், தீவட்டி பிடித்தல் என்று ஒவ்வொரு மரியாதைக்குப் பின்னும் ஒரு வேலை இருந்தது.

அந்த மரியாதை எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தீர்த்தமும் துளசியும் தருகிறார்கள்; சடாரி சாத்துகிறார்கள்; பரிவட்டம் கட்டுகிறார்கள். சடாரி என்பது கிரீடம்போல் தோன்றும். ஆனால் அதன்மேல் பொறித்திருப்பது இறைவனின் பாதங்கள். தலைமேல் பாதத்தை ஏற்றுக்கொள்வதே அங்கே உயர்ந்த மரியாதை. பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டுமானால் தலையைக் குனிய வேண்டும். நிமிர்ந்து நிற்பவனுக்கு அதைக் கட்ட முடியாது.

நம் திருச்சபையிலும் அப்படித்தானே? 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவான நாளில், மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயராக லெஸ்லி நியூபிகின் அபிஷேகம் பெற்றார். வயது முப்பத்தேழு. அதிகாரம் பெறுவதற்கு முன் முழங்காலிட வேண்டியிருந்தது. பிறர் கைகள் தலைமேல் வைக்கப்பட வேண்டியிருந்தது. நானும் அப்படியே முழங்காலிட்டுத்தான் இந்த ஊழியத்தைப் பெற்றேன். கொடுக்கப்படும் அதிகாரம் எதுவும் குனியாமல் வருவதில்லை. குனிந்ததை மறந்துவிடும் நாளில்தான் நாம் மரியாதைக்குச் சண்டையிடத் தொடங்குகிறோம்.

வேலை போய் மரியாதை மட்டும் நின்றபோது

காலம் மாறியது. பாளையங்கள் போயின, ஜமீன்கள் போயின, மலைப்பாதையைக் காவலர் காக்கத் தொடங்கினர். வேலை போயிற்று, மரியாதை மட்டும் தங்கிவிட்டது. அதோடு வழக்கும் வந்தது. முதல் பரிவட்டம் யாருக்கு, முதல் விபூதி யாருக்கு, தேர்வடத்தை முதலில் தொடுவது யார் என்ற சண்டைகள் தமிழகமெங்கும் நீதிமன்றப் படியேறின. 2004-இல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இவ்வழக்குகளுக்குத் தப்பவில்லை. விழாக்களில் தனிமனிதருக்கு முதல் மரியாதை கூடாது என்று அது பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கிறது.

இவ்வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஓர் அளவுகோல் உண்டு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவையொட்டி அது வளர்ந்தது. ஒருவர் ஒரு பணிப்பொறுப்பை வகிக்கிறார், அப்பொறுப்போடு சேர்ந்தே ஒரு மரியாதை வருகிறது என்றால், அதற்காக அவர் வழக்குத் தொடரலாம். பொறுப்பு எதுவும் இல்லாமல் வெறும் கௌரவத்தை மட்டும் கேட்டால், அதற்குச் சட்டத்தில் உரிமை இல்லை. நீதிபதிகள் சட்டமொழியில் சொன்னதைத்தான் மாங்குளத்துக் காவிதியும் நமக்குச் சொன்னார்: வேலையோடு சேர்ந்ததே மரியாதை.

மற்றொரு கேள்வியும் எழுந்தது: பெறத் தகுதியானவர் யார்? மதுரையில் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கும். ஆட்சியின் அடையாளமான செங்கோலைக் கோயிலின் தக்கார் அல்லது அறங்காவலர் குழுத் தலைவர் பெற்றுக்கொள்வது வழக்கம். 2024-இல் அப்பொறுப்பில் இருந்தவர் கணவரை இழந்த ஒரு பெண்மணி. அத்தகையவர் செங்கோலை வாங்கலாகாது என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். மதுரைக் கிளை அதைத் தள்ளுபடி செய்தது.

அயலாரின் கோயிலைப் பற்றிப் பேசும் நமக்கு நம் வீட்டுக் கதை மறந்துவிடக் கூடாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கிறிஸ்தவ ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதை இடிக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. யார் முன்னே, யார் பின்னே என்ற நோய்க்கு மதவேறுபாடு கிடையாது. மணமக்களை வாழ்த்த மேடைக்கு அழைக்கும் வரிசையில் தன் பெயர் பிந்திவிட்டது என்று விருந்துண்ணாமல் எழுந்து போன விசுவாசிகளை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

கொடுத்த கையும் திருப்பிக் கொடுத்த கையும்

பட்டத்தைப் பற்றி மதுரை மண் கற்றுத்தரும் இன்னும் இரண்டு பாடங்கள் உண்டு.

முதலாவது, கொடுத்த கையே எடுக்கும். கான்சாகிப் என்று மக்கள் அழைத்த யூசுப் கான், கம்பெனிப் படையில் சிப்பாயாக இருந்து உயர்ந்தவர். சிப்பாய்கள் அனைவர்க்கும் கமாண்டன்ட் ஆனார். 1759-இல் மதுரையும் திருநெல்வேலியும் அவர் நிர்வாகத்துக்குள் வந்தன. பின்னர் ஆர்க்காட்டு நவாபோடும் கம்பெனியோடும் பகை மூண்டது. அவரை உயர்த்திய கம்பெனியின் படையே மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டது. தம் ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி மதுரையில் தூக்கிலிடப்பட்டார். ஆமானின் கதையைப் படித்த நமக்கு இது புதிதன்று. அகாஸ்வேரு தன் மோதிரத்தை ஆமானுக்குக் கொடுத்தான். அதே மோதிரத்தைக் கழற்றி மொர்தெகாய்க்குக் கொடுத்தான். மோதிரம் என்றைக்கும் ராஜாவினுடையதே, விரல்கள்தாம் மாறுகின்றன.

இரண்டாவது, பெற்றவன் திருப்பிக் கொடுக்கலாம். 1842-இல் மதுரையில் பிறந்தவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். இவ்வூரிலேயே வழக்கறிஞராகத் தொழில் செய்து, பிறகு சென்னை சென்று, உயர் நீதிமன்ற நீதிபதியாகி, தலைமை நீதிபதிப் பொறுப்பையும் தற்காலிகமாக வகித்தார். 'திவான் பகதூர்', 'சர்' ஆகிய பட்டங்கள் அவருக்கு வந்தன. வயோதிகத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரோடு சுயஆட்சி இயக்கத்தில் நின்றார். 1917-இல் இந்தியாவின் நிலையை விளக்கி அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். ஆட்சியாளர்கள் அதற்காக அவரைக் கடிந்துகொண்டனர். அவர் வாதாடவில்லை, 1918-இல் பட்டங்களைத் துறந்துவிட்டார். தாகூர் தம் 'சர்' பட்டத்தைத் துறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. எழுபது வயதைக் கடந்த ஒரு மதுரைக்காரர், பட்டத்துக்காக மனச்சாட்சியை விட முடியாது என்று காட்டிவிட்டார்.

சுதந்திர இந்தியாவின் அரசமைப்பு, 18-ஆம் உறுப்பில், படைத்துறை கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக அரசு பட்டங்கள் வழங்குவதையே ஒழித்தது. பத்ம விருதுகளும் பாரத ரத்னாவும் வழங்கலாம்; ஆனால் அவற்றைப் பெயரின் முன்னும் பின்னும் பட்டமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. செய்த வேலையைப் பாராட்டுவது நன்று. பாராட்டையே பெயராக்கிக்கொள்வது வேண்டாம் என்பதே அதன் சாரம். நம் சபை அழைப்பிதழ்களை அச்சிடுவோர் இத்தீர்ப்பை ஒருமுறை நினைப்பது நலம்.

மும்மொழியில் எழுதிய பட்டம்

இனி வேதத்துக்குத் திரும்புவோம். இயேசுவுக்கு மனிதர் பட்டம் சூட்டிய நாள் ஒன்று உண்டு. பிலாத்துவின் அரண்மனையில் போர்ச்சேவகர் அவருக்குச் சிவப்பு அங்கி உடுத்தினர், தலையில் முடி வைத்தனர், கையில் கோல் கொடுத்தனர், முழங்காலிட்டு வாழ்த்துரைத்தனர். ஆடை, முடி, செங்கோல், வணக்கம் என்று ஒரு பட்டாபிஷேகத்துக்கு வேண்டியவற்றில் குறையொன்றுமில்லை. ஆனால் முடி முள்ளால் ஆனது, கோல் நாணல், வணக்கம் பரியாசம். உலகம் கொடுக்கும் மரியாதையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை, அந்தச் சேவகர் தாம் அறியாமலே உலகுக்குக் காட்டிவிட்டனர்.

அதன்பின் கல்வெட்டுப்போல் ஒரு மேல்விலாசமும் எழுதப்பட்டது. ஆனைமலையில் இரண்டு மொழி. கொல்கொதாவில் மூன்று மொழி. எபிரெயம், கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்றிலும் அவர் யூதருடைய ராஜா என்று எழுதப்பட்டிருந்தது. உடனே வாசகத்தைப் பற்றி வழக்கு எழுந்தது. பிரதான ஆசாரியர் வந்து, ராஜா என்று எழுதவேண்டாம், ராஜா என்று அவன் சொல்லிக்கொண்டதாக எழுதும் என்று கேட்டனர். பிலாத்து மாற்ற மறுத்தான். அந்த நேரத்தில் பலகையின் கீழே தொங்கியவர் தம் பட்டத்தின் வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டார். தம் தாயை யோவானிடம் ஒப்புவித்தார். அருகில் தொங்கிய கள்ளனுக்குப் பரதீசைக் கொடுத்தார். வேலையில் இருந்தார்.

இதற்கு முந்தைய இரவில் அவர் சீஷரின் கால்களைக் கழுவியதும் நினைவிருக்கட்டும். சகலமும் தம் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்தவராகவே அவர் எழுந்தார் என்று யோவான் 13-ஆம் அதிகாரம் காட்டுகிறது. சகல அதிகாரமும் கைக்கு வந்தபோது அக்கைகள் முதலில் எடுத்தது ஒரு சீலையையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும்தான். அதிகாரம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறெங்கும் எழுதப்படவில்லை.

மூலையில் கிடந்த கல்

தொடக்கத்தில் சொன்ன கருங்கல் பலகையைப் பற்றி நான் ஒன்றை மறைத்துவிட்டேன். அதன் மூன்றாம் வரியில் என் பெயரும் இருந்தது. போதகர் என்ற சொல்லும் என் பெயரும் மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில் வெட்டப்பட்டிருந்தன. மூப்பர் இருவரையும் சமாதானப்படுத்த வீடு வீடாக நடந்த நாள்களிலும், அந்த எழுத்தின் அளவு என் மனதில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. சண்டையைத் தீர்க்க என்னால் இயலாமற்போனதன் காரணம் அவர்களிடம் மட்டும் இல்லை என்பதை அறிய எனக்குப் பல ஆண்டு பிடித்தது.

நான் அச்சபையை விட்டு மாற்றலாகி வந்தபோதும் கல் மூலையிலேயே கிடந்தது. ஆலயத்திலோ ஒவ்வொரு ஓய்வுநாளும் ஆராதனை நடந்தது. குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிள்ளைகள் திருமணம் செய்தார்கள். முதியோர் மண்ணில் நித்திரை செய்தார்கள். எழுதப்படாத சுவருக்குள் தேவனுடைய வேலை எதுவும் நின்றுவிடவில்லை.

ஆகவே, அடுத்த மாதத் தேர்தலில் நிற்க விரும்பும் ஒவ்வொருவரையும் அன்போடு கேட்கிறேன். அந்தப் பதவியின் பின்னே இருக்கும் வேலையை எழுதிப் பாருங்கள். செயலர் என்றால் எத்தனை வீடுகளுக்குப் போகவேண்டும். பொருளாளர் என்றால் எத்தனை இரவு கணக்கைச் சரிபார்க்க வேண்டும். மூப்பர் என்றால் எத்தனை நோயாளிகளின் படுக்கையருகே உட்கார வேண்டும். அந்தப் பட்டியலை விரும்பினால் பதவியை நாடுங்கள். பட்டியலை விட்டுப் பதவியை மட்டும் விரும்பினால், அது ஏனாதியின் களம் இல்லாத மோதிரம். தெரிந்தெடுக்கப்படாதவர்களுக்கும் ஒரு சொல்: உங்களுக்கு முன் இருந்தவர் தொடங்கியதை, உங்களுக்குப் பின் வருபவர் முடிக்கக்கூடும். ஆனைமலையின் தம்பி தன் முகமண்டபத்தைக் கட்டி, அண்ணனின் பெயரை முன்னே வைத்தார். அந்த இடம் நமக்கும் திறந்தே இருக்கிறது.

அழகர்கோவில் சாலையில் இனி நீங்கள் போகும்போது, இடப்பக்கமும் வலப்பக்கமும் தெரியும் அந்தக் குன்றுகளைச் சற்றே பாருங்கள். அங்கே பெயர் எழுதியவர்களும் உண்டு. அக்குகைகளை உளியால் செதுக்கி, பெயர் எழுதாமல் போனவர்களும் உண்டு. பின்னவர்களின் பெயர்களைக் கர்த்தர் அறிவார்.

நம்முடைய தலைகளைக் குனியக் கற்றுக்கொடுக்கிறவர், ஏற்ற காலத்தில் அவரே உயர்த்துவார். அவருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.

அன்புடன்,
உங்கள் போதகர்